வேடிக்கையும் வணக்கமும்



பெரம்பலூர் நகரில் சில மாதங்களுக்கு முன் நாம் கண்ட ஒரு காட்சியைச் சொல்லித் துவக்குகிறோம். அஸர் தொழுதுவிட்டுக் கடைவீதிப் பக்கம் ஒரு வேலையாகச் சென்றிருந்தோம். தெரு ஒன்று அகன்று திரும்பும் இடத்தில் பெருங்கூட்டம். மூங்கில் கழிகளைக் கத்தரிபோல் ஊன்றி, இடையே கயிறு கட்டியிருந்தார்கள். ஒன்பது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, நீண்ட கழியொன்றைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அக்கயிற்றின்மேல் நடந்துகொண்டிருந்தாள். கீழே அவளுடைய தகப்பனார் மேளம் தட்டினார். தாய், இடுப்பில் கைக்குழந்தையுடன், கயிற்றை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றாள்.

கூட்டத்தில் தொப்பியணிந்தவர்கள் பலர். நாமும் அவர்களோடு நின்றோம் என்பதை மறைப்பதற்கில்லை. நேரம் போனதே தெரியவில்லை. மஃரிபுடைய பாங்கு ஒலித்தது. அந்த மேளக்காரர், நம் மார்க்கத்தைச் சேராத அந்த ஏழை மனிதர், உடனே மேளத்தை நிறுத்திவிட்டார். சிறுமி கழிகள் கூடும் இடத்தில் போய் அமர்ந்துகொண்டாள். பாங்கு முடியும்வரை அவர் கை மேளத்தைத் தொடவில்லை. தொப்பியணிந்த நாமோ, மேளம் மீண்டும் எப்போது முழங்கும் என்று காத்துக்கொண்டு நின்றோம்!

பாங்கு முடிந்தது. மேளம் முழங்கியது. சிறுமி எழுந்து இன்னும் இரண்டு முறை நடந்து காட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். தட்டை ஏந்திக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வந்தாள். அப்போதுதான் நம்மவர் பலருக்குத் தொழுகையின் நினைவு வந்தது. “ஜமாஅத் தப்பிவிடும்” என்று சொல்லிக்கொண்டே நடையைக் கட்டினார்கள். பாங்கு அழைத்தபோது வராத அவசரம், தட்டு வந்தபோது வந்துவிட்டது. அந்த ஓட்டத்தில் நம் கால்களும் இருந்தன. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

தொழுகை முடிந்து வந்தபின் இதை நண்பர்களிடம் சொன்னோம். பெரியவர் ஒருவர், “இந்த வேடிக்கைகள் எல்லாமே ஹராம், அங்கே நின்றதே தவறு” என்று ஒரே வெட்டாக வெட்டினார். வாலிபர் ஒருவர், “ஒரு கயிற்றாட்டத்தைப் பார்ப்பதில் என்ன குற்றம்? எதற்கெடுத்தாலும் மார்க்கத்தை இழுக்கிறீர்களே!” என்று சலித்துக்கொண்டார். இருவர் சொல்லிலும் பாதி உண்மை இருக்கிறது. முழு உண்மை எங்கே இருக்கிறது என்பதைக் குர்ஆன், ஹதீஸின் ஒளியில் பார்ப்போம்.

மதீனத்துத் தெருவில் ஒலித்த மேளம்

இத்தகைய நிகழ்ச்சி நமக்குத்தான் முதன்முதல் நேர்ந்தது என்று எண்ண வேண்டாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நகரத்திலேயே நடந்திருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை. பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பர் மீது நின்று குத்பா ஓதிக்கொண்டிருக்கிறார்கள். பஞ்ச காலம். அப்போது உணவுப்பொருள் ஏற்றிய வணிகக் கூட்டமொன்று நகருக்குள் நுழைகிறது. அக்காலத்தில் வணிகக் கூட்டம் வந்தால் மேளம் முழங்கி ஊருக்கு அறிவிப்பது வழக்கம் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். சத்தம் கேட்டதும் பள்ளியில் இருந்தவர்கள் கலைந்து ஓடினார்கள். எஞ்சியவர்கள் 12 பேர் மட்டுமே என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). இதைக் கண்டித்துத்தான் ஜும்ஆ அத்தியாயத்தின் கடைசி வசனம் (62:11) இறங்கிற்று. வியாபாரத்தையோ வேடிக்கையையோ கண்டதும் நபியை நின்ற நிலையில் விட்டுவிட்டு அதன்பால் ஓடியவர்களை அவ்வசனம் சுட்டுகிறது. அல்லாஹ்விடம் உள்ளது அவ்விரண்டையும்விட மேலானது என்று நினைவூட்டுகிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவ்வசனம் வேடிக்கையோடு வியாபாரத்தையும் சேர்த்தே சொல்கிறது. வியாபாரம் ஹராமா? இல்லை. அதே அத்தியாயத்தில், தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடிக்கொள்ளுமாறு முந்திய வசனம் (62:10) பணிக்கிறது. ஆகவே கண்டிக்கப்பட்டது தானியம் வாங்கியதை அன்று. மேளம் கேட்டதையும் அன்று. எதை விட்டுவிட்டு ஓடினார்கள் என்பதே அங்கு குற்றமாயிற்று.

பள்ளிவாசலுக்குள் நடந்த விளையாட்டு

இனி மற்றொரு நிகழ்ச்சி. இதுவும் மதீனாவில்தான், அதுவும் பெருமானாரின் பள்ளிவாசலிலேயே!

ஒரு பெருநாள் தினம். அபிசீனியர் சிலர் ஈட்டிகளையும் கேடயங்களையும் ஏந்திப் பள்ளிவாசலில் விளையாடிக் காட்டினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அப்போது இளம் வயதினர். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் போர்வையால் அவரை மறைத்தவாறு, தமக்குப் பின்னே நிற்கவைத்துப் பார்க்கச் செய்தார்கள். போதும் என்று அன்னையாருக்கே தோன்றும்வரை பெருமானார் (ஸல்) அவர்கள் அசையாமல் நின்றார்கள். விளையாட்டில் ஆசையுள்ள ஓர் இளம்பெண் எவ்வளவு நேரம் பார்த்திருப்பாள் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அன்னையார் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). உமர் (ரலி) அவர்கள் அங்கு வந்து, பொடிக்கற்களை எடுத்து அந்த விளையாட்டுக்காரர்கள்மீது எறிந்தார்கள். அவர்களை விட்டுவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள்.

அன்னையாரின் வீட்டில் பெருநாளன்று இரண்டு சிறுமியர் தஃப் அடித்துப் பழங்காலப் போர்ப் பாடல்களைப் பாடியபோது, அபூபக்கர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டார்கள். அங்கும் பெருமானார் (ஸல்) அவர்கள், ஒவ்வொரு சமூகத்தாருக்கும் ஒரு திருநாள் உண்டு, இது நமது திருநாள் என்று சொல்லி விட்டுவிடச் செய்தார்கள். அன்ஸாரி ஒருவருக்கு மணமகளை அனுப்பிவைத்தபோது, கேளிக்கை எதுவும் உடன் இல்லையா, அன்ஸார்கள் அதை விரும்புவார்களே என்று அன்னையாரிடம் வினவினார்கள் (புகாரி).

ஒரு நாள் மேளச் சத்தத்தின் பின்னே ஓடியவர்களை இறைவசனம் கண்டித்தது. இன்னொரு நாள் ஈட்டி விளையாட்டைப் பெருமானாரே மனைவியோடு நின்று கண்டார்கள். இவை இரண்டும் முரணா? இல்லவே இல்லை. முதலாவதில் வேடிக்கை வணக்கத்தை விரட்டியது. இரண்டாவதில் வேடிக்கை தனக்குரிய நேரத்தில், தனக்குரிய அளவில் நின்றது. மன இறுக்கத்தைத் தளர்த்தி, மனிதனை மீண்டும் உழைப்புக்கும் வணக்கத்துக்கும் தயார் செய்வது அளவான விளையாட்டின் பயன் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் ‘இஹ்யா’வில் விளக்கியிருக்கிறார்கள். மருந்தை உணவாக்கிக்கொண்டால் அதுவே நோயாகிவிடும்.

இசைக்கருவிகளைப் பொறுத்தவரை மத்ஹபுகளின் இமாம்களிடையே விரிவான விவாதம் உண்டு. பெரும்பாலோர் தஃப் போன்றவற்றைத் திருமணத்திலும் பெருநாளிலும் அனுமதித்து, ஏனையவற்றைத் தடுத்திருக்கிறார்கள். அவரவர் மத்ஹபின் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுவதே முறை. இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், தெருவில் நிற்கும் நம் ஒழுக்கமேயாகும்.

தெருவுக்கும் உண்டு உரிமை

தெருக்களில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களுக்குச் சொன்னார்கள். அங்கே அமர்ந்துதானே நாங்கள் பேசிக்கொள்கிறோம், எங்களுக்கு வேறு வழியில்லையே என்று தோழர்கள் முறையிட்டார்கள். அப்படியானால் தெருவுக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் பெருமானார் (ஸல்). அவ்வுரிமை யாதெனில்: பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது (புகாரி, முஸ்லிம்).

இந்த ஹதீஸை நம் ஊர்த் தெருக்களுக்குப் பொருத்திப் பாருங்கள். வேடிக்கைக் கூட்டத்தில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் பெண்கள்மீது கண் மேய்கிறதா? முதல் உரிமை போயிற்று. வழியை அடைத்துக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகும் ஆட்டோவை நிறுத்திவைக்கிறோமா? இரண்டாவது உரிமை போயிற்று. கோமாளி வேடம் போட்டவர் மாற்றுத் திறனாளியைப் போல் நொண்டிக் காட்டும்போது, கறுத்த பெண்ணை எள்ளிப் பாடும்போது, விழுந்து விழுந்து சிரிக்கிறோமா? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையை (49:11) நம் சிரிப்பே மீறிவிடுகிறது. பிறரைச் சிரிக்கவைப்பதற்காகப் பொய் பேசுபவனை எச்சரிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. பொய்யனுக்கு எச்சரிக்கை என்றால், கைதட்டி அவனை ஊக்குவிப்பவனுக்கு மட்டும் விலக்கா?

நம் அண்டை வீட்டுச் சகோதர சமயத்தாரின் கோயில் திருவிழாவை ஒட்டி, விடியவிடியத் தெருக்கூத்து நடப்பதுண்டு. அவர்களின் வணக்கத்தில் நாம் பங்குகொள்வதற்கில்லை. நம் ஈமானின் எல்லை அது. ஆனால் அவர்களுடைய விழாவைக் கேலி பேசுவதற்கும் நமக்கு அனுமதியில்லை. அல்லாஹ்வை அன்றி அவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்பது குர்ஆனின் கட்டளை (6:108). நம் மீலாது ஊர்வலத்துக்கு அவர்கள் வழிவிட்டு நிற்பதைப் பார்க்கிறோம். அவர்களுக்கும் அதே தெருதான்.

கயிற்றின்மேல் நடப்பது யார் பிள்ளை?

அந்தச் சிறுமியிடம் திரும்புவோம். தொழுதுவிட்டு நாம் அவ்விடத்துக்கு மீண்டும் சென்றோம். மூங்கில்களைக் கட்டி எடுத்துக்கொண்டு அவர்கள் பேருந்து நிலையத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தார்கள். கொடுக்காமல் வந்ததைக் கொடுத்தோம். அந்தத் தகப்பனார் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூடாதா?” என்று கேட்டோம். “எந்த ஊருப் பள்ளிக்கூடத்துல பாய் சேக்குறது? பத்து நாள் இங்கே, பத்து நாள் அரியலூரு, அப்புறம் செயங்கொண்டம். கயித்துமேல அவ நடந்தாத்தான் நாங்க அஞ்சு பேரும் சாப்பிடுறோம்” என்றார். நமக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

கீழே விரிப்பு இல்லை, வலை இல்லை, கருங்கல் பாவிய தெரு. நாம் எதைக் கண்டு கைதட்டினோம்? அவளுடைய திறமையைக் கண்டா, அல்லது அவள் விழுந்துவிடக்கூடும் என்ற அச்சத்தின் கிளுகிளுப்பைக் கண்டா? நம் பெண்பிள்ளையை அக்கயிற்றில் ஏற்றிப் பார்க்க நம் மனம் ஒப்புமா? தனக்கு விரும்புவதையே தன் சகோதரனுக்கும் விரும்புவது ஈமானின் நிறைவு என்று ஓதி வளர்ந்தவர்களல்லவா நாம்?

நம் நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. சர்க்கஸில் சிறுவர், சிறுமியரை ஈடுபடுத்துவதற்கு எதிராக 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016இல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கலைஞர்களாகப் பங்கேற்பதற்கு நிபந்தனைகளோடு இடம் கொடுத்தபோதும், சர்க்கஸுக்கு இடம் கொடுக்கவில்லை. 6 வயது முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்பது 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள உரிமை. சட்டம் ஏட்டில் இருக்கிறது. பிள்ளை கயிற்றில் இருக்கிறாள். இடையே இருப்பவர்கள் நாமே. ஜமாஅத் நிர்வாகிகள் இருவர் சேர்ந்து அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசலாம். விடுதியுடன் கூடிய பள்ளியில் இடம் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். அக்குடும்பத்தைப் பிடித்துக் கொடுப்பதற்காக அன்று, கைகொடுத்துத் தூக்கிவிடுவதற்காக. நன்மையை ஏவுவது தெருவின் உரிமைகளில் ஒன்று என்று மேலே கண்டோமல்லவா? அது இதுதான்.

வாயில்லாத உயிர்களை வைத்து நடத்தும் வேடிக்கையும் இத்தகையதே. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை செல்லும் வழியில், சில இளைஞர்கள் பறவையொன்றைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். உயிருள்ள ஒன்றைக் குறிப்பலகையாக்குபவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் அப்போது எடுத்துரைத்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அதுவும் ஒரு தெரு வேடிக்கைதானே! நம் சிறுவயதில் குரங்காட்டியும் கரடிக்காரரும் தெருத்தெருவாய் வந்தார்கள். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தலாகாது என்று மத்திய அரசு 1998இல் அறிவிக்கை வெளியிட்டது. சட்டம் தடுத்தது 1998இல். நம் நபி (ஸல்) அவர்கள் வாயில்லா ஜீவன்களின் வலியைப் பற்றி எச்சரித்து 1400 ஆண்டுகள் ஆகிவிட்டன.

அது பிச்சையன்று, கூலி

தட்டு வரும்போது நழுவும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூலியாளிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக, மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவித்திருப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் (புகாரி). தெருவில் வித்தை காட்டுபவருக்கும் நமக்கும் ஒப்பந்தம் ஏதுமில்லையே என்று ஃபிக்ஹ் பேசலாம். உண்மைதான்; ஏட்டுச் சட்டப்படி அது கடனாகாது. ஆயினும் அரைமணி நேரம் நின்று ரசித்த மனசாட்சி அறியும், அது பிச்சையன்று, கூலி என்று. நிற்க விருப்பமில்லையேல் கடந்து போய்விடலாம். நின்று பார்த்தபின், தொழுகையைக் கேடயமாக்கிக்கொண்டு தப்பி ஓடுவது, தொழுகைக்கே நாம் செய்யும் அவமரியாதை. நம் தொப்பியைப் பார்த்துத்தானே அந்தச் சிறுமி இஸ்லாத்தைப் படிக்கிறாள்? அவளிடம் வேறு கிதாபு ஏது?

சுவரில் எழுதும் கை

தெருக்கலையில் மற்றொன்று சுவரோவியம். சென்னை கண்ணகி நகரில் 2020ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுவர்களில் ஓவியர்கள் பெரிய படங்களைத் தீட்டினார்கள். நம் பெரம்பலூர், அரியலூர் போன்ற ஊர்களிலும் பள்ளிக்கூடச் சுவர், அலுவலகச் சுவர், பாலத்தின் அடிப்பக்கம் என்று படங்கள் வரையப்படுகின்றன. நம் வாலிபர்களில் வரையும் கைவளம் உள்ளவர்கள், “இது கூடுமா?” என்று கேட்கிறார்கள்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒரு மனிதர் வந்து, என் கைத்தொழிலே என் பிழைப்பு, நான் உருவங்களைச் செய்பவன் என்று முறையிட்டார். உருவம் அமைப்போர் பற்றிப் பெருமானார் (ஸல்) அவர்கள் விடுத்த எச்சரிக்கையை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அம்மனிதர் பெருமூச்செறிந்தார், முகம் வெளிறிப்போயிற்று. உடனே அவர்கள், செய்தே ஆக வேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளும்படி வழி காட்டினார்கள் (புகாரி). என்ன அழகான நடைமுறை பாருங்கள்! எல்லையையும் காட்டினார்கள், அம்மனிதரின் கையையும் பிழைப்பையும் முடக்கிவிடவில்லை. ‘கூடாது’ என்று சொல்வதோடு நம்மில் பலருடைய வேலை முடிந்துவிடுகிறது. ‘இதோ கூடும்’ என்று ஒரு வாசலைத் திறந்துவிடுவதுதான் ஸஹாபாக்களின் வழி. கொடியும் பூவும் மலையும் ஆறும், அழகிய எழுத்தும் வரைய எத்தனை சுவர்கள் காத்திருக்கின்றன! பிறர் வீட்டுச் சுவரில் அவர் சம்மதமின்றி எழுதுவது மட்டும் கூடவே கூடாது. அது பிறர் சொத்தில் கைவைப்பது.

நம் வீட்டுக் கலியாணம்

தெரு வேடிக்கை என்றால் யாரோ வெளியூரார் வந்து நடத்துவது என்றே எண்ணிக்கொள்கிறோம். நம் வீட்டுக் கலியாணம் எதில் சேர்த்தி? தெருவை அடைத்துப் பந்தல், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி, நள்ளிரவில் வெடி, மாப்பிள்ளை ஊர்வலத்தில் ஆட்டம், மூலைக்கு மூலை ஆள் உயரப் பேனர். தஃப் அடிக்க அனுமதி உண்டு என்ற ஹதீஸை வைத்துக்கொண்டு, அண்டை வீட்டு நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்க அனுமதி உண்டு என்று யார் சொன்னது? இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒலி மாசு விதி. இஷாவுக்குப் பின் வீண்பேச்சைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது நாம் அறிந்த ஹதீஸ். இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணைப் பகுதியில், திருமண விழா ஒன்றுக்காகச் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து விழுந்ததில், இருசக்கர வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் கீழே விழுந்து லாரியில் சிக்கி உயிரிழந்தார். ஒரு வீட்டின் மகிழ்ச்சிக்காக வைத்த துணி, இன்னொரு வீட்டின் விளக்கை அணைத்துவிட்டது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்த சமுதாயம், பாதையில் முள்ளை நட்டுவைக்கலாமா?

அடைத்த கதவுகள்

இனி, பெரியவர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டிய ஒன்று. வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும், அவை போன்ற நம் ஊர்களிலும், ஆண்கள் பலர் அரபு நாடுகளிலும் பிற இடங்களிலும் பிழைப்புக்காக இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் இளம் மனைவிமாரும் பிள்ளைகளும் முதியோரும். அவர்களுக்கு என்ன பொழுதுபோக்கை நாம் விட்டுவைத்தோம்? திருவிழாப் பக்கம் போகாதே, கடைவீதியில் நிற்காதே, பூங்காவில் உட்காராதே என்று ஒவ்வொரு கதவாக அடைத்தோம். அடைத்த கதவின் இடுக்கு வழியே கைப்பேசி உள்ளே வந்து நடுவீட்டில் அமர்ந்துகொண்டது. தெருவில் ஊரே பார்க்க நடக்கும் கயிற்றாட்டத்தைத் தடுத்த தகப்பனார், போர்வைக்குள் மகன் இரவு இரண்டு மணிவரை எதைப் பார்க்கிறான் என்று அறியமாட்டார். ஃபஜ்ருக்கு அவன் எழாததற்குக் காரணம் தேடி அலைவார்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அலுக்கும்வரை நின்றுகொண்டிருந்த அந்தப் பாதங்களை நினைத்துப் பாருங்கள். இரவில் நின்று வணங்கி வீங்கிய பாதங்கள் அவை. மனைவி ஒரு வேடிக்கையைப் பார்த்து மகிழ்வதற்காகவும் அதே பாதங்கள் பொறுமையோடு நின்றன. விடுமுறையில் ஊர் வரும் சகோதரர்களே! பெட்டியில் பொருள் கொண்டுவருவதோடு கடமை முடிந்துவிடவில்லை. குடும்பத்தோடு ஒரு மாலையை வெளியே கழியுங்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் புத்தகத் திருவிழா நடக்கும் நாள்களில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ரஞ்சன்குடிக் கோட்டையின் மதிலில் ஏறிக் காற்று வாங்குங்கள். சாத்தனூரில் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாகிவிட்ட 18 மீட்டர் மரம் படுத்திருக்கிறது. பூமியில் பயணம் செய்து படைப்பின் துவக்கத்தைப் பாருங்கள் என்ற குர்ஆனின் அழைப்புக்கு (29:20) அதைவிட அருகில் ஒரு விளக்கம் நமக்கு எங்கே கிடைக்கும்?

நம் முன்னோர் வறண்ட மனிதர்களாக வாழவில்லை. கேள்வியும் பதிலுமாக அமைந்த ‘ஆயிர மசலா’ 1572இல் மதுரையில் அரங்கேறிய காலம்தொட்டு, மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத் என்று எத்தனை வகைப் பாடல்கள் நம்மிடம் இருந்தன! மாலை நேரத்தில் ஒருவர் ராகத்தோடு படிக்க, தெருப்பெண்கள் கூடி அமர்ந்து கேட்டுக் கண்ணீர் விட்ட காலம் நம் பாட்டிமாரின் காலம். ரமளான் ஸஹர் நேரத்தில் தாயிரா கொட்டிப் பாடி ஊரை எழுப்பிய ஃபக்கீர்மார்கள், நம் தெருக்களின் கலைஞர்கள். பெருநாளன்று சிலம்பம் சுற்றிய வாலிபர்கள் இருந்தார்கள். இசைமுரசு நாகூர் ஹனீபா (1925–2015) ஊர் ஊராகத் திறந்தவெளி மேடைகளில் பாடியபோது, பிற சமயத்தாரும் நின்று கேட்டார்கள். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டு, வெற்றிடத்தை எது நிரப்புகிறது என்று இன்று கவலைப்படுகிறோம். பெருநாள் மாலையில் சிலம்பம், ஓட்டப் பந்தயம், பிள்ளைகளின் பைத் ஓதல், கதை சொல்லுதல் என்று ஒவ்வொரு மஹல்லாவும் ஏற்பாடு செய்தால், அது பெருமானாரின் பள்ளிவாசல் முற்றத்தில் நடந்த அந்த ஈட்டி விளையாட்டின் வழியில் நிற்பதாகும்.

மூன்று கேள்விகள்

சகோதர, சகோதரிகளே! தெருவில் ஒரு மேளம் ஒலித்தால், நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். எதை விட்டுவிட்டு நான் இங்கே நிற்கிறேன்? என் மகிழ்ச்சிக்காக இங்கே யாருக்கு வலிக்கிறது? இங்கிருந்து எதை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறேன்? விட்டுவந்தது ஒரு ஃபர்ளாக இருந்தால், உடனே திரும்புவோம். வலிப்பது ஒரு பிள்ளைக்கோ வாயில்லா ஜீவனுக்கோ என்றால், கைதட்டுவதை நிறுத்திவிட்டுக் கைகொடுப்போம். எடுத்துச் செல்வது ஆபாசமும் பரிகாசமும் என்றால், அந்தச் சுமையை இறக்கிவிடுவோம். மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், அல்ஹம்து லில்லாஹ் என்று சொல்லிப் பார்ப்போம்; பிள்ளைகளையும் தோளில் ஏற்றிக் காட்டுவோம்; தட்டு வரும்போது முதல் கை நம் கையாக இருக்கட்டும்.

அன்று பாங்குக்காக மேளத்தை நிறுத்திய அந்த மனிதரை நாம் மறக்க இயலவில்லை. அவர் ஊர் தெரியாது, பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. நம் வணக்கத்துக்கு அவர் காட்டிய கண்ணியத்தை, நாம் நம் வணக்கத்துக்குக் காட்டவில்லை. அவர் உழைப்புக்கும் காட்டவில்லை. இனி ஒரு முறை அத்தெருவில் அம்மேளம் ஒலிக்குமானால், பாங்கு கேட்டதும் முதலில் நகரும் கால்களாகவும், தொழுது முடித்ததும் முதலில் திரும்பும் கால்களாகவும் நம் கால்கள் இருக்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் மகிழ்ச்சியை உன் நினைவை மறக்கச் செய்யாததாக ஆக்குவாயாக! எங்கள் தெருக்களை அச்சமற்றவையாகவும், எங்கள் வீடுகளை இறுக்கமற்றவையாகவும் ஆக்குவாயாக! கயிற்றின்மேல் நடக்கும் பிள்ளைகளுக்கு உறுதியான பூமியைக் கொடுப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.